ஸ்கேல் கோணலில்லை

கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன், சுவரில் தொங்கும் இரும்பு ஸ்கேலின் எதிரே போய் நின்று ஒரு கண்ணைப் பொத்துவார். பிறகு மறு கண்ணை. சீருடை தைக்கும் கூடத்தில், துணி வெட்டித் தருகிற மாஸ்டரம்மாவின் நாள் ஒரு வருடமாக இப்படித்தான் தொடங்குகிறது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "இரு, என் கண்ணுக்கு அட்டென்டன்ஸ் எடுத்துக்கிட்டிருக்கேன்" என்பார்.

ஐம்பது வயது. எட்டு மடிப்புத் துணியைப் பிசிறில்லாமல் வெட்டுகிற கை. வாய் கத்தரிக்கோலைவிடக் கூர்மை. சட்டைக் கழுத்து அரை விரல் இறங்கிவிட்டால், "இது கழுத்தா, கிணறா?" என்று தைத்ததைப் பிரித்துவிடுவார்.

சென்ற ஆண்டு, போட்ட கோடெல்லாம் நடுவில் கூன் விழுந்ததுபோல் தெரிந்தது. தன் கையைச் சந்தேகிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஸ்கேலை மாற்றினார். புதியதும் வளைந்தது. கடைக்காரரை ஒரு பிடி பிடித்தார்: "கோணல் ஸ்கேலை என் தலையில கட்டிட்டீங்களே, நல்லா இருக்கா?" கடைக்காரர் பதறாமல் கண்ணாடிப் பலகையின்மேல் அதன் விளிம்பு படும்படி நிறுத்திக் காட்டினார். அடியில் ஒரு நூல் நுழைய இடமில்லை. மாஸ்டரம்மா வலது கண்ணைப் பொத்தினார்: கூன். இடதைப் பொத்தினார்: நேர்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி. கோணல் எங்கிட்டதான்." அங்கிருந்தே கண் மருத்துவரிடம் போனார்.

அங்கே தந்த படிவம் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்றுதான் கேட்டது. செய்தி தெரிந்து ஓடிவந்த கணவர் காதைக் கடித்தார்: "இது கண்ணு விஷயம். அதை எதுக்கு இங்க சொல்லிக்கிட்டு?" ஆறு வருடமாக அந்த வீட்டில் நோய்க்குப் பெயர் 'அது'. மாஸ்டரம்மா மருத்துவரிடம் திரும்பினார்: "ஆறு வருஷத்துக்கு முன்னாடி மார்புல புற்றுநோய்னு ஆபரேஷன் பண்ணினாங்க. அதையும் எழுதிக்கோங்க டாக்டர்."

அந்த ஒரு வரிதான் வழி காட்டியது. பரிசோதனைகள் முடிந்ததும் மருத்துவர் விளக்கினார்: மார்பகப் புற்றுநோயின் செல்கள் ரத்தத்தோடு போய், விழித்திரைக்குப் பின்னால் ரத்தக் குழாய்கள் நிறைந்த படலத்தில் தங்கிவிடுவதுண்டு, சிலருக்கு இமையிலும், விழியைச் சுற்றியுள்ள சதையிலும்கூட.

"அப்ப புது ஆள் இல்ல. பழைய ஆசாமிதான் வீடு மாத்தியிருக்கான்."

"ஆமாம்மா. முழுசா வெளியேத்துறது கஷ்டம். அடக்கி வைக்கப் பார்க்கலாம்."

கணவர் அழுதுவிட்டார். மாஸ்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கோடு நேராத் தெரியுமா?" அதற்கு மருத்துவர் உறுதி சொல்லவில்லை.

மாத்திரைகள், கண்ணுக்குச் சில வாரக் கதிர் சிகிச்சை. அந்த நாட்களிலும் ஒற்றைக் கண்ணை வைத்தே வெட்டினார். பார்த்தவர்கள்தான் உச்சுக் கொட்டினார்கள். "ஊசிக்கே ஒரு கண்ணுதானேப்பா, அது தைக்கலையா?" என்று அவர்களை அதட்டுவார். இந்தத் தெம்பு எந்தக் கடையில் கிடைக்கிறதோ!

போன திங்கட்கிழமை காலை ஸ்கேலின் முன் வெகுநேரம் நின்றார். தையல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நல்ல கண்ணை இடது உள்ளங்கையால் பொத்தியபடியே மேசைக்கு வந்தார். ஸ்கேல் இல்லாமல் துணியில் ஒரு முழத்துக்குக் கோடு இழுத்தார். பிறகு ஸ்கேலைக் கொண்டுவந்து அதன் ஓரத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார். கோடு ஸ்கேலின் ஓரத்தைவிட்டு நூலளவும் விலகவில்லை.

கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே, மறு கையைக் கத்தரிக்கோலுக்கு நீட்டினார்.