இரண்டாம் பக்கம் கேட்ட கல்லூரி

மின்னசோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரியின் பண உதவி அலுவலகத்தில் மார்லிஸ் ஹோவன் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். பிப்ரவரி பிறந்தால் அவளுடைய தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. யாருக்கு எவ்வளவு உதவி என்று கணக்குப் போட, பெற்றோரின் வருமான வரிக் காகிதம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் போகும். மறுநாளே பெற்றோர்கள் கூப்பிடுவார்கள். எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: காகிதம் கேட்கிறீர்களே, அப்படியென்றால் பிள்ளைக்குச் சீட்டு உறுதிதானா?

"விண்ணப்பம் போட்ட எல்லார்கிட்டயும் கேக்கறதுதாங்க. சீட்டு குடுக்கறது மாடியில இருக்கறவங்க. அங்க என்ன நடக்குதுன்னு எங்களுக்கே தெரியாது" என்பாள் மார்லிஸ்.

ஒரு பண்ணைக்காரர் மட்டும் விடவில்லை. வாங்கப் போகிறவன்தானே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான் என்றார். சந்தைக்கு வருகிற அத்தனை பேரும்தான் பார்க்கிறார்கள் என்று அவள் சொன்ன பதில், அலுவலகத்தில் ஒரு வாரம் ஓடியது.

இப்படிப்பட்டவளின் மகள் கர்ஸ்டன், போன வருடம் கிழக்கே ஒரு பெரிய கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். பிப்ரவரி நடுவில் அவர்களும் வரிக் காகிதம் கேட்டார்கள். மார்லிஸ் அலட்டிக்கொள்ளாமல் அனுப்பிவைத்தாள். பத்து நாள் கழித்து இன்னொரு மின்னஞ்சல்: இரண்டாம் பக்கத்தைக் காணோம். அங்கேதான் அவள் சறுக்கினாள்.

கணவன் வெர்ன் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன், பேச்சு குறைவு. சாப்பிடும்போது அவனிடம் ஆரம்பித்தாள்.

"ரெண்டாம் பக்கம் இல்லன்னு யாரோ உக்காந்து பார்த்திருக்காங்க, வெர்ன். வேண்டாத பிள்ளையோட காகிதத்த யாராவது புரட்டிப் பார்ப்பாங்களா?"

வெர்ன் உருளைக்கிழங்கை விழுங்கிவிட்டு, "ஊருக்கெல்லாம் வேற மாதிரி சொல்லுவியே" என்றான்.

"அது எங்க காலேஜுக்கு."

அந்தக் கிழக்குக் கல்லூரி இருக்கிற ஊரில் மழை அதிகம் என்று கேள்விப்பட்டு, மகளுக்குத் தெரியாமல் ஒரு மழைக்கோட்டுகூட வாங்கி வைத்தாள். அதற்கும் மனது அடங்காமல், மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள் மதிய இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தக் கல்லூரியைக் கூப்பிட்டாள். குரலைக் கொஞ்சம் மாற்றி, ஒன்றும் தெரியாத தாயைப்போலத்தான் பேசினாள். எதிர்முனையில் இருந்த பெண் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க எந்த காலேஜ் பண உதவி ஆபீஸ்ல இருக்கீங்க?"

மார்லிஸுக்குக் காது சூடேறியது. எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். எந்தத் தாயும் படிவத்தை எண் சொல்லிக் கேட்பதில்லையாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஐந்தாறு பேர் இப்படிக் குரல் மாற்றிக் கூப்பிடுகிறார்களாம். அந்தப் பெண்ணே தன் மகனுக்காக இன்னொரு கல்லூரியைக் கூப்பிட்டவள்தானாம்.

"அப்புறம் சீட்டு கிடைச்சுதா?"

"நாலு தடவ காகிதம் கேட்டாங்க. சீட்டு இல்லன்னுட்டாங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் அன்று மாலையே மார்லிஸ் இரண்டாம் பக்கத்தை மூன்று முறை சரிபார்த்து அனுப்பினாள்.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. இடமில்லை. கர்ஸ்டன் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனாள். ஒரு காகிதமும் கேட்காத மாநிலப் பல்கலைக்கழகம் அவளை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. மார்லிஸுக்குத்தான் ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

எட்டாம் நாள் அதே கிழக்குக் கல்லூரியிலிருந்து மறுபடியும் மின்னஞ்சல்: தகப்பனாரின் கையெழுத்து ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற கடிதம் அது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. இருந்தும் படிவத்தை அச்செடுத்து, பேனாவோடு வெர்ன் முன்னால் வைத்தாள்.

"இல்லன்னு சொல்லிட்டாங்களே, மார்லிஸ்."

"மாடியில இருக்கறவங்க சொன்னாங்க. கீழ இருக்கறவங்க இன்னும் சொல்லலையே."

வெர்ன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

ஆகஸ்டில் மூவருமாக மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். வெர்ன் சின்னக் குளிர்பெட்டியைத் தோளில் சுமந்து விடுதியின் நாலாவது மாடிக்கு ஏறினான்; கர்ஸ்டன் தலையணைகளோடு பின்னால் போனாள். மார்லிஸ் மட்டும் வாசலில் நின்ற மாணவியிடம் பண உதவி அலுவலகத்துக்கு வழி கேட்டாள். சும்மா ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவள், திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.