புவனாவைக் கேட்டு வந்தவர்கள்

"புவனா வேலைய விட்டுப் போயிட்டா. இனி வரமாட்டா."

சலூன் முதலாளி மேடம் வாசலில் நின்று சொன்னது திரைக்குப் பின்னால் எனக்கு நன்றாகக் கேட்டது. புவனா நான்தான். கையில் சீப்போடு உள்ளே நின்றேன்.

கண்டி நகரில் ஒரு பிரைடல் சலூனில் அப்போது எனக்கு வேலை. கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். கண்டிய மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்துவதில் எனக்குப் பெயர் இருந்தது. நான் பிடித்த இடுப்பு மடிப்பு, விருந்து முடிந்து பெண் வீடு போகும்வரை குலையாது. இப்போதுள்ள பிள்ளைகள் நீங்கள் பர்சனல் பிராண்ட் என்று என்னமோ சொல்கிறீர்கள். எங்கள் காலத்தில் கைராசி என்பார்கள். அது சும்மா வந்துவிடுமா? "என் பேரு புவனேஸ்வரி. தங்கச்சி கல்யாணத்துக்கும் என்னையே கேளுங்க" என்று ஒவ்வொரு பெண்ணிடமும் வாய்விட்டுச் சொல்லித்தான் அனுப்புவேன். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே!

மேடம் பேராதனையில் இன்னொரு சலூன் திறக்க இருந்தார். யாரைக் கேட்டு அதிகம் புக்கிங் வருகிறதோ, அவருக்கே அதன் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. கடைகள் எரிந்தன. சிலர் வந்து, "இங்க தமிழ் ஆக்கள் வேலை செய்றாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றோடு மேடம் குசுமா என்று சிங்களப் பெயர் வைத்து என்னை அழைக்கத் தொடங்கிவிட்டார். அவர் சிங்களவர், என்மேல் உயிராக இருந்தவர். பயத்தில் செய்ததை எப்படிக் குறை சொல்வது? ஆனால் ஊர் அடங்கிய பிறகும் என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள். குசுமாவை யாருக்குத் தெரியும்? பேராதனை என் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

அன்று வந்தவர் ஒரு சிங்கள அம்மா. அவருடைய மூத்த மகளுக்கு நான்தான் உடுத்தினேன். இப்போது இளையவளுக்குக் கல்யாணம்.

"குசுமாவும் நல்லா உடுத்துவா," என்றார் மேடம்.

"எங்களுக்குப் புவனாதான் வேணும். அவ எங்க போனான்னாவது சொல்லுங்க."

முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் யாரோ, எவரோ. அன்று விசாரித்துப் போனவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். வருவது வரட்டும் என்று திரையை விலக்கினேன்.

"அம்மா, நான் எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

அந்த அம்மா ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உசிரோட இருக்கியா புள்ள! போயிட்டான்னு சொன்னதும் என்னமோ ஏதோன்னு பதறிட்டேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். பேப்பர்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் படிக்கத் தொடங்கினார்.

மேடம் தலையில் கை வைத்தார். "ஐயோ, வந்த எல்லாருக்கும் நான் இதைத்தானே சொன்னேன்!"

அன்று பின்னேரமே போன் உள்ளவர்களுக்கெல்லாம் அவரே கோல் எடுத்தார். "புவனா சுகமா இருக்கா," என்பதுதான் முதல் பேச்சு. என்னைக் கேட்ட புக்கிங் எல்லாம் திரும்பி வந்தது; பேராதனைப் பொறுப்பும் எனக்கே கிடைத்தது.

பிள்ளைகளே, பெயர் சம்பாதியுங்கள். வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பதவி உயர்வு கிடைக்கும், நல்லதுதான். ஆனால் ஊர் எரிந்து அடங்கிய பிறகு, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு நாலு பேர் வாசலுக்கு வருவார்களே, நான் சம்பாதித்ததில் பெரியது அதுதான்.