நெஞ்சுயரத்து ஆணிகள்

ஆர்லிஸ் டீட்ஸுக்கு எதையாவது அளக்காவிட்டால் தூக்கம் வராது. அயோவாவில் எங்கள் பக்கம் மழையை அளப்போம், மக்காச்சோளத்தை அளப்போம், அதெல்லாம் சரி. இவள் மரத்தை அளந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் என் வீடு. வருஷா வருஷம் அந்தக் கூத்தைப் பார்த்தே எனக்கு வயசாகிவிட்டது.

ஆர்லிஸ் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அப்பா போனபிறகு மேட்டு நிலம் ஒன்பது ஏக்கர் அவளுக்கும் தம்பி லாவெர்னுக்கும் பொதுவில் வந்தது. சோளம் பொங்கிப் பொங்கி விளைகிற மண். லாவெர்ன் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு படுத்திருந்த வசந்தத்தில், இவள் போய் அது முழுக்கக் கறுப்பு வால்நட் கன்றுகளை நட்டுவிட்டாள். அவன் எழுந்து தடியூன்றி வந்து பார்த்தபோது கன்றெல்லாம் முழங்கால் உயரம்.

அப்போது அவன் கத்திய கத்தல் என் கோழிக்கொட்டகை வரைக்கும் கேட்டது. கடைசியில் என் சமையலறையில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டே சமாதானமானார்கள். மரம் முற்றியதும், மேசை பீரோவுக்கு மேலே ஒட்டுகிற மெல்லிய தகடாகச் சீவ மரம் வாங்குகிற வெனீர்க்காரன் ஒருவன் வந்து பார்க்க வேண்டும். அவன் எடுத்துக்கொண்டால் அந்த மேடு என்றைக்கும் மரத்துக்கு. வேண்டாமென்று போய்விட்டால் மறுநாளே புல்டோசர், அப்புறம் சோயா. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கை குலுக்கினால் குலுக்கினதுதான்.

அதற்கப்புறம் ஆர்லிஸுக்கு அந்த மேடுதான் எல்லாம். பனிக்காலத்தில் ஏணி போட்டுப் பக்கக் கிளைகளை வெட்டுவாள், தண்டில் கணு விழாமலிருக்க. நவம்பரில் இலை உதிர்ந்ததும் ஒரு சனிக்கிழமை ஒவ்வொரு மரத்தையும் நாடா சுற்றி அளப்பாள். தரையிலிருந்து நாலரை அடி, ஆளின் நெஞ்சுயரம், அங்கேதான் அளக்க வேண்டும். அந்த இடம் தப்பக்கூடாதென்று ஒவ்வொரு மரத்திலும் ஒரு ஆணி அடித்துவைத்தாள். மரம் பருத்து ஆணியை விழுங்கிவிட்டால் அதே இடத்தில் இன்னொன்று.

லாவெர்ன் சும்மா இருப்பானா? டிராக்டரை நிறுத்திவிட்டுக் கேட்பான்: “என்ன அளவுக்காரி, மரத்துக்குக் கோட்டு தைக்கப் போறியா?”

“தைச்சா உனக்குத்தான்டா தைக்கணும்,” என்பாள் இவள். “உன் வயிறு வளர்ற வேகத்துக்கு என் மரம் எதுவும் வளரலை.”

வெனீர்க்காரன் ராட்னி ஸ்ட்ரப் வந்தபோது அவளுக்கு எழுபத்து மூன்று வயது. அன்றைக்கு மாதாகோயிலுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ராட்னி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான். “மேடம், தண்டு எல்லாம் மெழுகுவத்தி மாதிரி இருக்கு,” என்றான். ஆர்லிஸ் என் கையைப் பிடித்து நசுக்கினாள். அப்புறம் அவன் வண்டியிலிருந்து உலோகம் கண்டுபிடிக்கிற கருவியை எடுத்துவந்து முதல் மரத்தில் வைத்தான். நெஞ்சுயரத்தில் அது வீலென்று கத்தியது. அடுத்த மரத்திலும் கத்தியது. அந்த வரிசை முடிகிற வரைக்கும் கத்தியது.

“என்ன மேடம் இது, உள்ளே என்ன வச்சிருக்கீங்க?”

“ஆணி,” என்றாள் ஆர்லிஸ். “அளக்கிறதுக்கு.”

அந்த ஆள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். இரும்பு பட்ட வால்நட் மை கொட்டினமாதிரி உள்ளே கறுத்துப்போகும், அறுக்கிற கத்தியும் உடையும், அடிமரத்துத் துண்டு ஒன்றுகூடத் தேறாது என்று பொறுமையாகச் சொன்னான். ஆணிக்கு மேலே உள்ள தண்டு சுத்தம்தான், ஆனால் பருமன் போதாது. “இன்னும் பத்து வருஷம் நின்னா அதை எடுத்துக்கலாம். இப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லை,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஐயோ! ஆணி அடிக்கச் சொன்னது அவள் படித்த ஒரு புத்தகம், மரத்தை அளக்கிறவர்களுக்காக எழுதினது. அறுக்கிறவனிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் உப்பைக்கூட நிறுத்துப் போட்டவள், தன் மரத்தைத் தானே கெடுத்துவைத்திருக்கிறாள்!

லாவெர்ன் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் அறைந்திருப்பேன்.

“புல்டோசரைக் கூப்பிடு,” என்றாள் ஆர்லிஸ். “பேசினது பேசினதுதான்.”

அவன் வாயிலிருந்த புகையிலையைத் துப்பினான். “ஆணி அடிச்சவ நீ. மரம் என்னடி பண்ணுச்சு?”

“பத்து வருஷம் கேக்கிறான்டா. உனக்கு எண்பது ஆயிடும்.”

“எண்பதுல எனக்குச் சோயா எதுக்கு? நிக்கட்டும். ஆனா இனிமே இந்த மேட்டுல ஒரு ஆணி என் கண்ணுல பட்டுச்சு, உன்னையே மரத்தோட சேத்து அடிச்சுருவேன்.”

ஆர்லிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு, “அப்ப எந்த இடத்துல அளக்கிறது?” என்றாள். பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் ஆர்லிஸ்!

லாவெர்ன் பக்கத்து மரத்தில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றான். “என் சட்டையில ரெண்டாவது பட்டன். அதுக்கு நேரா சுத்து.” அவள் தரையிலிருந்து அளந்து பார்த்தாள். சரியாக நாலரை அடி.

அன்றிலிருந்து நவம்பர்ச் சனிக்கிழமையில் அவனுக்கு அதுதான் வேலை. ஒவ்வொரு மரமாகப் போய் முதுகை ஒட்டி நிற்பான். இவள் பட்டனுக்கு நேரே சுண்ணக்கட்டியால் கோடு போடுவாள். அவன் விலகியதும் நாடாவைச் சுற்றுவாள். நான் சாண்ட்விச்சும் காபியும் கொண்டுபோவேன். குளிருக்கும் முதுகுவலிக்கும் திட்டுவானே தவிர, ஒரு வருஷமும் வராமல் இருந்ததில்லை.

நாலாவது வருஷம் எங்களுக்கு மழையே இல்லை. சோளம் பாதிதான் வந்தது. ஆனால் மரமெல்லாம் நன்றாகப் பருத்திருப்பதாக நாடா சொன்னது. “இதெப்படி?” என்று ஆர்லிஸ் முகத்தைச் சுளித்தாள். லாவெர்ன் அடுத்த மரத்துக்குப் போன சமயம், வண்டியிலிருந்து மடக்கு அளவுகோலை எடுத்துவந்து தரையிலிருந்து அந்தக் கோடு வரை வைத்துப் பார்த்தாள். நாலரை அடிக்கு இரண்டரை அங்குலம் குறைந்தது. கீழே போகப்போக மரம் பருமன், அதனால்தான் நாடா அப்படிக் காட்டியிருக்கிறது. மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அவன் நடந்துபோவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் ஒவ்வொரு மரத்தையும் பிடித்துப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தான்.

“கூன் விழுந்துடுச்சு அவனுக்கு,” என்றாள். “நான் கவனிக்கவே இல்லை.”

“அதான் கோல் இருக்கே, அதை வச்சே அளந்துடேன். கணக்கு சரியா வரும்,” என்றேன் நான், புத்தி இல்லாமல்.

“நீ வாயை மூடு.” கோலை மடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அங்க என்ன ரெண்டு பேரும் ஊர்வம்பு?” என்று லாவெர்ன் கத்தினான். மரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். “குளிர்ல செத்துருவேன் போலிருக்கு!”

ஆர்லிஸ் போனாள். பட்டனுக்கு நேரே கோடு போட்டாள், நாடாவைச் சுற்றினாள், வந்த அளவைச் சத்தமாகப் படித்தாள்.

“நல்லா வளர்ந்திருக்குடா,” என்றாள்.

“பின்னே?” என்றான் அவன். “நிக்கிறது யாரு?”