கடைசிச் சரணத்துக்கு ஒரு முகம்

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மளிகைக் கடைக்காரரோ, கண்டக்டரோ, காலேஜ் டீச்சரோ, யாராயிருந்தாலும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவேன். அந்த வாயை நம்பித்தான் அண்ணன் ஒரு பாட்டுப் போட்டிக்கு என்னோடு வந்தான். அங்கே நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை பேசுகிறவள் இதை மட்டும் மென்று விழுங்கிக்கொண்டே இருந்துவிட்டேன்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். பள்ளிப் படிப்பை முடிக்கிற வருடம் அவன் உதட்டோரத்தில் மிளகளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று அம்மா முந்தானையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் அது வாயைச் சுற்றிப் பரவிவிட்டது, விரல் நுனிகளிலும் வந்துவிட்டது. இது வெண்படை, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். மதுரை சிம்மக்கல்லில் எங்கள் சந்தில் இருந்தவர்களுக்கு டாக்டர் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. டீக்கடையில் அண்ணனுக்கென்று ஒரு கிளாஸைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

ஆனால் குரல் என்றால் அப்படி ஒரு குரல். கல்யாணம், திருவிழா என்று சுற்றுகிற ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தான். மேடையில் அவனை டிரம்ஸுக்குப் பின்னால், வெளிச்சம் விழாத மூலையில் நிறுத்துவார்கள். ஜனங்கள் கைதட்டுவார்கள். பாடியது யார் என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

என்னைப் பெண் பார்க்க யாராவது வருகிற நாட்களில் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, அவனியாபுரத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவான். அவனைத் தான் ஒருநாளும் போகச் சொன்னதில்லை என்று அம்மா கடைசிவரை சாதித்தாள். உண்மைதான், யாரும் போகச் சொன்னதில்லை. இருடா என்று சொன்னவர்களும் இல்லை. அதில் நானும் சேர்த்திதான்.

எண்பதுகளின் நடுவில், வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு பாய் எங்கள் பகுதியில் ஒரு போட்டி அறிவித்தார். சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதை எப்படிப் படமாக எடுக்கலாம் என்று மூன்று நடுவர்கள் முன்னால் விளக்க வேண்டும். ஜெயிக்கிற பாட்டைப் பாயே வீடியோவாக எடுத்து, சித்திரைப் பொருட்காட்சியில் தன் கடையில் டிவி வைத்து ஒரு மாதம் போட்டுக் காட்டுவார். கல்யாண வீடியோக்களைத் தவிர வேறெதையும் பார்த்திராத எங்களுக்கு அது பெரிய விஷயம்.

அண்ணனிடம் ஒரு பாட்டு இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லோரையும் வழியனுப்பிவிட்டு, தான் மட்டும் எந்த பஸ்ஸிலும் ஏறாமல் வீடு திரும்புகிற ஒருவனின் பாட்டு. பஸ் ஸ்டாண்டையே காட்டினால் எவனுக்கும் தோன்றுவதுதான் என்று நான் வைகையைப் பிடித்துக்கொண்டேன். ஆற்று மணலில் சலவைக்காரர்கள் வரிசையாக வேட்டி காயப்போட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே ஒருவன் பாடிக்கொண்டே நடக்கிறான். துணி விலகும்போது ஒரு தோள் தெரியும், ஒரு கை தெரியும், முகம் தெரியாது. கடைசிச் சரணத்தில் காற்று அடித்து அத்தனை துணியும் ஒதுங்க, நேருக்கு நேர் அவன் முகம். சரணம் முடிகிறவரை கேமரா அசையக்கூடாது.

இதைக் கேட்டதும் அண்ணன் சிரித்துவிட்டான்.

"என் மூஞ்சியவா காட்டப்போற? அழுக்குன்னு நெனச்சு டிவியத் தொடச்சுப் பாப்பாக, பாப்பா."

"தொடைக்கட்டும்ண்ணே. போகலைன்னதும் ஒக்காந்து பாட்டக் கேப்பாக."

 மறுநாள் அவனாகவே வந்து, காற்று அடிக்கிற இடத்தில் நாலு வினாடி இசை மட்டும் வரட்டுமா என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. நோட்டில் கட்டம் கட்டமாக நான் வரைய, ஒவ்வொரு வரியும் எத்தனை வினாடி என்று பாடிப் பாடிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான். நீல நிறச் சட்டை போடலாமா, துணிக்கு நடுவில் எடுப்பாக இருக்குமா என்று கேட்டான். தன்னை எப்படிக் காட்டிக்கொள்ளலாம் என்று அவன் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு மாதம்தான். அவனுக்கு ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையை மூட்டியது நான்.

போட்டி பாய் கடையின் மாடியில் நடந்தது. நடுவர்களில் ஒருவர் பாய், ஒருவர் காலேஜ் தமிழ் வாத்தியார், இன்னொருவர் மெட்ராஸில் கேமரா வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஆள். டேப்ரெக்கார்டரில் பாட்டை ஓடவிட்டு, நோட்டைத் திருப்பித் திருப்பி நான் சொன்னேன். காற்று அடிக்கிற இடம் வந்ததும் தமிழ் வாத்தியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முடித்தபோது மற்ற போட்டிக்காரர்களே கைதட்டினார்கள். பாடினது யார் என்று கேமராக்காரர் கேட்டார். கடைசி பெஞ்சில் கைக்குட்டையால் வாயை மூடியிருந்த அண்ணன், அதை எடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

கேமராக்காரர் குனிந்து என் நோட்டைப் புரட்டத் தொடங்கினார். பாய்தான் பேசினார். யாரையும் நோகடிக்கத் தெரியாத மனிதர், குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

"கொரலு தம்பியோடதே இருக்கட்டும்மா. மொகத்துக்கு வேற ஒரு பையனப் போட்டுக்கிருவோம். சினிமாவுல எல்லாம் அப்படித்தான?"

அவர் சொன்னதில் தப்பே இல்லாததுபோல்தான் இருந்தது. ஒருவர் பாடுவதும் இன்னொருவர் வாயசைப்பதும் நாம் பிறந்ததிலிருந்து பார்த்து ரசிப்பதுதானே. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அந்த முகம்தான் கதையே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வார்த்தையும் இருந்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வாடிப்பட்டியிலிருந்து என்னைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். பொருட்காட்சிக்கு வாடிப்பட்டியும் திரண்டு வரும். டிவியில் அண்ணன் முகம் தெரிந்தால் அந்தச் சம்பந்தமும் கையைவிட்டுப் போகும். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடி முடிந்தது.

"சரிங்க பாய்" என்றேன்.

போட்டியில் ஜெயிப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது.

முதல் பரிசு எங்களுக்குத்தான். டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நடந்துவரும்போது அண்ணன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "நல்லாப் பேசுன பாப்பா, காத்தடிக்கிற எடம் எல்லாத்துக்கும் புடிச்சிருச்சு" என்றான். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பாய் பிடித்துக்கொண்டு வந்த பையன் நல்ல சிவப்பு, சுருட்டை முடி. பாட்டு அவனுக்கு மனப்பாடம் ஆகவில்லை. அதனால் வைகையில் படம் எடுத்த அன்று அண்ணன் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியையும் வாயை அகலத் திறந்து பாடிக் காட்டினான். "இந்த எடத்துல ஒதட்ட எப்புடிண்ணே வைக்கணும்?" என்று அந்தப் பையன் கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் காட்டினான். அத்தனை நாள் கைக்குட்டைக்குப் பின்னால் இருந்த வாயைப் பட்டப்பகலில், மணலில் கூடி நின்ற கூட்டத்துக்கு முன்னால் திறந்து காட்டினான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேட்டி பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வதாகப் பேர் பண்ணிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றிருந்தேன்.

பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போனோம். டிவி முன்னால் கூட்டம் நெரிந்தது. பாடுவது தன் மகன் என்று அம்மா பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். "இந்தச் செவத்த தம்பியா ஒங்க மகன்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு ஆமாம் என்றாள். அண்ணன் எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான்.

வாடிப்பட்டிக்காரர்களே என்னைக் கட்டிக்கொண்டு போனார்கள். கல்யாணத்தன்று அண்ணன் சமையல்கட்டை விட்டு வெளியே வரவே இல்லை. அவனைப் பற்றிப் பிறகு தெரியவந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்காகவா அவனை மறைத்தோம் என்று எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

நான்கு வருடம் கழித்து அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினெட்டே நாள்தான். இருபத்தெட்டு வயதில் போய்விட்டான்.

காரியத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். என் கல்யாண ஆல்பத்தை மூன்று தடவை புரட்டினேன், ஒன்றில்கூட அவன் இல்லை. வெள்ளை வருவதற்கு முன்னால் எடுத்த பள்ளிக்கூடப் படம் ஒன்றுதான் கிடைத்தது. ஜாடையை வைத்து வரைந்து தரும் ஓவியர் ஒருவரை அப்பா கூட்டிவந்தார். பள்ளிக்கூடப் படத்தையும் அப்பாவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து அவர் கண், மூக்கு, நெற்றி எல்லாம் வரைந்தார். அண்ணன் அப்படியே வந்துவிட்டான். அந்த வெள்ளை மட்டும் வேண்டாம் என்று அம்மா அழுதாள். நான் விடவில்லை. போட்டே ஆகவேண்டும், அது இல்லாமல் அது என் அண்ணனே இல்லை என்று கத்தினேன்.

ஓவியர் பொறுமையாகக் கேட்டார். "எந்தப் பக்கம்மா அதிகமா இருந்துச்சு? கன்னத்துல எம்புட்டுத் தூரம் ஏறியிருந்துச்சு?"

அம்மா இடது பக்கம் என்றாள். அப்பா வலது பக்கம் என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடி அவன் முகத்தை வரவழைக்கப் பார்த்தேன். கண் வந்தது, காது வந்தது, அவனுக்குப் பின்னாலிருந்த சுவர்கூட வந்தது. அவன் சங்கடப்படக்கூடாது என்று சொல்லிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் இத்தனை வருடம் அந்த முகத்தை நேராகப் பார்க்காமலே பேசிப் பழகியிருக்கிறோம். அப்படியானால் இரண்டு பக்கமும் சமமாகப் போட்டுவிடட்டுமா என்று ஓவியர் கேட்டார். சரி என்றோம்.