மூட்டைய ஏத்திக்கினு அக்காவ வுட்டுட்டுப் போனவன்

எந் தம்பி வண்டியில பின்னாடி ஒக்காந்து ஒருவாட்டி விருத்தாசலம் பக்கம் போனேன். இப்ப நெனச்சாலும் அவன ரெண்டு சாத்து சாத்தலாம்னு தான் வருது. எங்க சாத்தறது, அவனே தாத்தாவா ஆயிட்டான்.

அப்ப செம்பாக்கத்துல ஏரிய சுத்தி பாதி இடம் வயலு தான். எங்களுதும் அங்க ஒரு துண்டு இருந்துச்சி. அத வுடு, அது வேற கத. தம்பி பம்மல்ல ஒரு பட்டறையில வேல பாத்துகினு இருந்தான். யாரோ ஓட்டி அலுத்த மோட்டார் சைக்கிள் ஒன்ன வாங்கி, தானே பிரிச்சி தானே மாட்டி, பச்ச பெயிண்ட் அடிச்சி வச்சிருந்தான். அது மேல தூசு பட்டா பொண்டாட்டி முந்தானையிலயே தொடப்பான். அவ திட்டுற திட்டு எங்க வூடு வரைக்கும் கேக்கும்.

எங்களுக்கு ஒரே தங்கச்சி. உளுந்தூர்பேட்டைய தாண்டி உள்ள ஒரு ஊர்ல குடுத்தோம். அவ வூட்டுக்காரரு புது வூடு கட்டி பால் காச்சினாரு. எனக்கு நேர்ல வந்து, தட்டுல வெத்தல பாக்கு வச்சி பத்திரிக குடுத்தாரு. பம்மலுக்கு போவ நேரம் இல்லன்னு தம்பிக்கு தபால்ல போட்டுட்டாரு. அவ்ளோ தான். கூடப் பொறந்தவனுக்கு தபால்ல பத்திரிகயான்னு இவன் போவல. அண்ணன் வராத வூட்டுல பால் காச்ச வச்சிட்டானேன்னு அவ அழுதா. மூணு வருசம் பேச்சு இல்ல. ரெண்டு பேரும் என்கிட்ட தான் பேசுவாங்க. நான் என்ன தபால்காரியா?

அப்புறம் அவ கொழந்தைக்கு காது குத்து வச்சாங்க. இந்த வாட்டி வூட்டுக்காரரு பம்மலுக்கே போயி தட்டு வச்சிட்டாரு. தாய்மாமன் மடியில ஒக்கார வச்சி தானே காது குத்தணும். தங்கச்சி என்கிட்ட தனியா சொல்லி அனுப்புனா: புதன்கெழம பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துடும், அதுக்குள்ள அண்ணன் வந்து ஒக்காரணும். வரலன்னா வூட்டுக்காரரோட அண்ணன் மடியில வச்சி குத்திடுவாங்க, அதோட எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்லன்னு.

பஸ்ஸுல போலாம்டான்னா கேக்கறானா? மச்சான் வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்தணுமாம். தனியா அனுப்புனா ரோசம் வந்து செங்கல்பட்டுலயே திருப்பிக்குவான். அதனால நானும் ஏறிக்கினேன். எங்க வூட்டுக்காரரு பசங்கள பாத்துக்கறேன்னாரு. பாத்தாரு, மூணு வேளையும் உப்புமா.

விடியக்காலம் கெளம்புனோம். அரிசி, வேட்டி, கொழந்தைக்கு பட்டுப்பாவாட எல்லாம் ஒரே மூட்டையா எனக்கு பின்னாடி கட்டுனான். தோட மட்டும் என் சுருக்குப்பையில போட்டு இடுப்புல சொருகிக்கினேன். மொத மொத இந்த கூத்து எனக்கு சிரிப்பா தான் இருந்துச்சி. தாம்பரம் தாண்டுனதும் காத்து ஜிலுஜிலுன்னு வருது, நான் பாட்டுக்கு பேசிக்கினே வரேன். அவன் பாட்டுக்கு வண்டிய நிறுத்திக்கினே வரான். சிங்கப்பெருமாள் கோயில்ல எஞ்சின் சூடு. செங்கல்பட்டுல டீ. மதுராந்தகத்துல ஏரிய பாருக்கான்னு எறக்கி வுடறான். ஏரி பக்கத்துலயே வாழ்க்கப்பட்டவளுக்கு ஏரி காட்றான். டேய், மணி ஆவுது, புள்ள காத்துகினு கீதுன்னு நான் சொல்ல சொல்ல அவனுக்கு ஏறிடுச்சி.

"அக்கா, நீ வாய மூடிக்கினு வந்தா வண்டி தானா போவும்."

எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சி. "ஊரு போய் சேர்ற வரைக்கும் பேசுனா ஏன்னு கேளு"ன்னு எங்கம்மா மேல சத்தியம் பண்ணிட்டேன். பேசாம வர்றது எவ்ளோ கஷ்டம்னு எனக்கு தான் தெரியும். வழியெல்லாம் அவன் எதுனா கேப்பான், நான் உர்ருன்னு இருப்பேன்.

திண்டிவனம் தாண்டி ஒரு புளியமரத்தாண்ட நிறுத்தி செயின இழுத்து கட்டுனான். எனக்கு அவசரம். சத்தியம் பண்ணவ எப்படி சொல்லிட்டு போறது? பேசாம பம்பு செட்டுக்கு பின்னாடி போனேன். இவன் செயின மாட்டிட்டு, ஏறி ஒதச்சி, "ஒக்காந்தியாக்கா?"ன்னு கேட்டிருக்கான். பதில் இல்ல. வழியெல்லாம் தான் பதிலே இல்லையே. மூட்ட சாஞ்சி அவன் முதுகுல இடிச்சிகினு இருந்துருக்கு, அத நான்னு நெனச்சிட்டான். நான் வந்து பாக்கறேன், வண்டி வளைவுல மறையுது. அப்ப கத்துனேன் பாரு, தொண்ட கிழிய. யாருக்கு கேக்குது?

அங்க வெள்ளரிப்பிஞ்சு விக்கறவ ஒருத்தி வுழுந்து வுழுந்து சிரிச்சா. இருந்து பாத்தேன், அவன் வரல. தோடு என் இடுப்புல, மாமன் எங்கயோ. எனக்கு போர்டு படிக்க தெரியாது, வந்த பஸ்ஸயெல்லாம் கைய காட்டி கேட்டு கேட்டு ஒன்னுல ஏறிட்டேன். விழுப்புரம் தாண்டி போவும்போது எதுத்தாப்ல பச்ச வண்டி. முன்ன வந்த வழியில திரும்பி போய்க்கினு கீது. ஜன்னல்ல தலைய நீட்டி கத்தறேன். கண்டக்டரு, உள்ள இழு ஆயான்றாரு. அப்ப எனக்கு நாப்பது கூட ஆவல.

எப்டியோ மாறி ஏறி, பதினொன்னர இருக்கும், போய் சேந்தேன். பந்தல்ல எல்லாம் ரெடி. ஆசாரி ஊசிய வச்சிகினு ஒக்காந்திருக்காரு. நான் மட்டும் வர்றத பாத்து தங்கச்சி மூஞ்சி செத்துப்போச்சி. பாதியில திரும்பிட்டானாக்கா, எனக்கு தெரியும்னா. இல்லடி, என்ன தேடிகினு போயிருக்கான்னு நடந்தத சொன்னா, தம்பிய காப்பாத்த கத கட்றேன்னு அவ மாமியாக்காரி சொல்லுது. மாப்ள அண்ணன் வேட்டிய இழுத்து கட்டிக்கினு மணையில ஒக்கார போறாரு. எல்லாரும் என்ன பாத்து, தோட எடும்மான்றாங்க.

நான் சுருக்குப்பைய கெட்டியா புடிச்சிகினேன். "தாய்மாமன் வந்தா தான் தோடு வெளிய வரும். அவசரம்னா தோடு இல்லாம குத்திக்கங்க"ன்னேன். மாமியாக்காரி பேசாத பேச்சு இல்ல. நானும் சளைக்கல. காலைல இருந்து பேசாம இருந்தது மொத்தமும் வந்துச்சி. தங்கச்சி கொழந்தைய மாப்ள அண்ணன் கையில குடுக்காம தூக்கிகினே நின்னா.

பன்னெண்டுக்கு பத்து நிமிசம் இருக்க சொல்ல வண்டி சத்தம் கேட்டுச்சி. தல முழுக்க செம்மண்ணு, கண்ணு மட்டும் தெரியுது. எறங்குனவன் யாரையும் பாக்கல, நேரா என்கிட்ட வரான்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு போனா என்னாக்கா? ரோட்ல எவனாவது அடிச்சி போட்டானான்னு ஒவ்வொரு பள்ளமா பாத்துகினு போனேன். நீ பஸ் ஏறிட்டன்னு அந்த வெள்ளரிக்காரி சொன்னப்புறம் தான் உசுரே வந்துச்சி."

"நீ தானடா வாய மூட சொன்ன."

தங்கச்சி முன்னாடி வந்தா. மூணு வருசத்துக்கு அப்புறம் அவ அவங்கிட்ட பேசுன மொத பேச்சு:

"அண்ணே, மூஞ்ச கழுவிக்கினு வந்து ஒக்காரு. கொழந்த பயந்துக்கும்."

அவன் கழுவிக்கினு வந்து ஒக்காந்தான். நான் தோட எடுத்து ஆசாரி கையில வச்சேன். ஊசி பட்டதும் கொழந்த கத்துன கத்துல, அவனும் சேந்து அழுதான். ஆசாரி, யாருக்குப்பா காது குத்தறேன்னு கேட்டாரு.