கார்டு மேல் குற்றமில்லை

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். காட்டுப்பாக்கத்தில் மாடி போர்ஷன் ஒன்றில் குடியிருக்கிறேன். முன்னறையில் கம்ப்யூட்டர், பின்னறையில் கட்டில். வேலைக்கென்று வாசல் தாண்ட வேண்டியதே இல்லை. ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்கை கூரியரில் அனுப்புவார்கள். முடித்து நானும் கூரியரில் திருப்பி விடுவேன். ஒரு முகூர்த்த மாதத்தில் ஆயிரம் முகமாவது பார்த்துவிடுவேன். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

அம்மா இருந்தவரை என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். "ஏன்டி இந்தப் பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குது?" என்பாள். போன வருடம் அவளும் போய்விட்டாள். அதன் பிறகு ஹெட்போன் மாட்டுவதை விட்டுவிட்டேன். ஸ்பீக்கரில் நாதஸ்வரமும் பந்தி இரைச்சலும் ஓடினால் வீட்டில் ஆள் இருப்பதுபோல இருக்கும்.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் சமயத்தில் ஸ்டுடியோவில் புதுக் கேமராவுக்கு மாறினார்கள். வரும் ஃபைல்கள் ஒவ்வொன்றும் மலை மாதிரி இருந்தன. பத்து வருடத்துக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: நல்ல கிராபிக்ஸ் கார்டு போடு. வாங்கினேன். வீடியோ ஒன்றைப் பார்த்து நானே பெட்டியைக் கழற்றிப் பொருத்தினேன். சுவிட்சைப் போட்டதும் மின்விசிறிகள் சுற்றின, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

ஆவடியில் ஒரு பெண் இருக்கிறாள். அதே ஸ்டுடியோவுக்கு ஆல்பம் டிசைன் செய்கிறவள், என்னைவிடப் பத்து வயது சிறியவள். மூன்று வருடமாகப் போனில் பேசுகிறோம், நேரில் பார்த்ததில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

"கேபிள எங்க சொருவி கீறீங்கக்கா?"

"பின்னாலதான்."

"பின்னால ரெண்டு எடம் கீதுக்கா. பழைய எடத்துல சொருவாதீங்க. கீழ, புது கார்டுலயே சொருவுங்க."

மாற்றிச் சொருகியதும் படம் வந்தது. இருவரும் சிரித்தோம். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எடிட் செய்ய உட்கார்ந்தால் பழைய குருடி கதைதான். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோகும்போது கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். கெட்டிமேளம் மட்டும் ஓடும். அட்சதை முழுவதும் விழுந்து தீர்ந்த பிறகு கை நகரும். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கடைக்குப் போன் செய்தால், "கார்டு நல்லா இருக்கு மேடம், செக் பண்ணித்தான் குடுத்தோம்" என்றார்கள். மூன்று நாள் இப்படியே போனது. தினமும் அவளுக்குப் போன் செய்தேன். கடைசியில் அவள், "போன்ல சொன்னா இன்னா புரியும்? ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் தற்செயலாக, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தபடி வீடியோவை ஓட்டினேன். ப்ராசஸர் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. புதுக் கார்டு ஏழு சதவீதத்தில் சும்மா இருந்தது. கேமரா ஃபைலைப் பிரித்துக் கொடுக்கும் வேலை முழுக்கப் பழைய ப்ராசஸரின் தலையில் விழுந்திருக்கிறது. அது பிரித்துக் கொடுத்தால்தானே கார்டு எதையாவது செய்யும்? கொஞ்சம் தேடிப் படித்ததில் வழியும் கிடைத்தது. ஒவ்வொரு கிளிப்புக்கும் எடை குறைந்த நகல் ஒன்று எடுத்து, அதில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் நகலின் இடத்தில் அசலை வைத்துக்கொள்ள வேண்டும். ப்ராக்ஸி என்று பெயர். சாயங்காலத்துக்குள் நகல்கள் தயாராகிவிட்டன. தாலி தடங்கலில்லாமல் ஏறியது.

சரியாகிவிட்டது, வர வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு, கடைக்குப் போய் எலுமிச்சம்பழமும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வந்தாள். குரலை வைத்து ஒல்லியான பெண்ணாக நினைத்திருந்தேன். நல்ல உயரம், அகலமான தோள். கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டே, "உங்க ஊடு கண்டுபுடிக்கறதுக்குள்ள உசுரு போச்சுக்கா" என்றாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். வீடியோவை ஓட்டினாள். அசல் ஃபைல்கள் ஓடும்படி நான் முன்பே மாற்றி வைத்திருந்தேன். அவளும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள்.

"பாத்தீங்களா? கார்டு மேல தப்பே இல்ல. ப்ராசஸர்தான் தெணறிகினு கீது."

"அப்படியா?" என்றேன்.

"ப்ராக்ஸி பண்ணிக்கலாம், இருங்க" என்று ஃபோல்டரைத் திறந்தவள் நின்றுவிட்டாள். "இதுல எல்லாம் பண்ணி கீதேக்கா. நேத்து சாயங்கால டைம் காட்டுது."

நான் ஜன்னல் திரையை இழுத்துச் சரிசெய்தேன்.

"நல்லா ஓடுச்சா?"

"ஓடிச்சு."

"அப்புறம் எதுக்கு என்ன வர வச்சீங்க?"

நீ வருகிறேன் என்று சொல்லியிருந்தாயே என்று முனகினேன். அவள் முகம் சுருங்கியது. "ரெண்டு வண்டி மாறி வந்தேன்க்கா. எங்கூட்டுக்காரரு வாரத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் ஊட்ல கீறாரு."

அந்த நிமிடம் எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் சமையலறைக்குப் போனேன். எலுமிச்சை சாதம் மூடியிருந்தது. பக்கத்தில் உருளை வறுவல், அப்பளம், கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டு. அவள் என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். "போடுங்க, பசிக்குது" என்றாள்.

சாப்பிட்டோம். மாமியாரின் முட்டிவலி, ஆல்பத்தில் தங்களை வெளுப்பாக்கச் சொல்லும் மாப்பிள்ளைகள் என்று அவள்தான் பேசினாள். மூன்று மணிக்குக் கிளம்பினாள். மெயின் ரோடு வரை கூடப் போனேன். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது, "கூப்புடணும்னு தோணுனா கூப்புடுங்கக்கா. அதுக்கு கம்ப்யூட்டர் கெட்டுப்போவணும்னு இல்ல" என்றாள்.

வெட்கத்தில் பல வாரம் நான் கூப்பிடவில்லை. வேலை விஷயமாக அவள் அனுப்பும் செய்திகளுக்கு மட்டும் பதில் போட்டேன். தீபாவளி கழிந்து, மண்ணூர்பேட்டையில் ஒரு கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ப்ராசஸரையும் மதர்போர்டையும் மாற்றி வந்தேன். இப்போது கார்டு முழு வேகத்தில் உழைக்கிறது. இரண்டு நாள் பிடித்த கல்யாணம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. மிச்சமாகும் நாளில் துணி மடிக்கிறேன், ஜன்னல் கம்பி துடைக்கிறேன், சாயங்காலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு மனதைத் திடப்படுத்திக்கொண்டு புடவை மாற்றிக் கிளம்பினேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆவடி பஸ் நின்றிருந்தது. ஏறுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டேன்.

"அட, அக்காவா! எவ்ளோ நாளாச்சு! இன்னா விசயம்?"

"சும்மாதான். உங்க வீட்டுப் பக்கம் வரலாமான்னு பார்த்தேன்."

"ஐயோ, இன்னிக்கா? நாத்தனாரு ஊட்ல வளைகாப்பு, கெளம்பிகினே கீறோம். இன்னொரு நாள் கண்டிப்பா வாங்க, சரியா?"

பின்னால் குழந்தை ஒன்று செருப்பைத் தேடிக் கத்துவது கேட்டது. சரிம்மா, போய்ட்டு வாங்க என்றேன். பூந்தமல்லி வரை வந்துவிட்டதை அவளிடம் சொல்லவில்லை.