ஊமையாக்கி வைத்த யானைக் குழு

சூரியநெல்லியில் எங்கள் வீட்டுக்குக் கீழே யானை நிற்பதாக அன்று ஒன்பது செய்திகள் வந்தன. நான் ஒன்றையும் படிக்கவில்லை. யானை எங்கே நிற்கிறது என்று சொல்வதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதை நான் ஊமையாக்கி வைத்திருந்தேன். ஆட்டத்தின் நடுவே டிங் டிங்கென்று வந்து என் கவனத்தைக் கலைக்கிறதே என்றுதான்.

ஆடியது நானல்ல. எங்கோ சிலர் கிரிக்கெட் ஆடினார்கள். அவர்களில் ஆட்களைப் பொறுக்கி, கைப்பேசிச் செயலியில் ஓர் அணி கட்டி, அவர்கள் நன்றாக ஆடினால் எனக்குப் பரிசு என்று நுழைவுப் பணமும் செலுத்தியிருந்தேன். "இது சூதல்ல, அறிவுப் போட்டி" என்பது என் கட்சி. நாலு மார்க்கக் கிதாபு படித்தவனுக்குத் தன் பாவத்துக்கு வக்கீல் வைக்கும் செலவு மிச்சம். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே வாதாடியிருக்கிறேன், குதிரைப் பந்தயத்துக்கும் அம்பெய்தலுக்கும் மார்க்கத்தில் இடமிருக்கிறதே என்று.

"குதிரையும் அம்பும் ஒங்க போனுக்குள்ளயா இருக்கு, ராவுத்தரே?" என்றார் அவர். "வெளியாள் ஒருத்தர் பரிசு குடுத்தா தாராளமா வாங்கிக்கோங்க. எல்லாரும் காசு போட்டு ஒருத்தர் அள்ளிக்கிட்டுப் போனா அது சூதுதான். பேரை மாத்தினா ஹலாலாயிருமா?"

சிரித்து வைத்தேன். 

அந்த யானை வந்த நாள், சென்ற மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. மாலைத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லி வெகுநேரமாகியிருந்தது. இந்த ஓவர் முடியட்டும், இந்த ஓவர் முடியட்டும் என்று தொழுகையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் முருகேசன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான்.

"பாய், டீச்சர் வந்துட்டாங்களா?"

டீச்சர் என் மனைவி ஜமீலா.

"பஸ் வரணும்லா."

"பஸ் போயி அரை மணிக்கூர் ஆச்சு. குரூப்பப் பாக்கலியா? ஆனை வளைவுல நிக்குது!"

குழுவைத் திறந்தேன். கடைசிச் செய்தி: "டீச்சர் எறங்கி நடக்காங்க. யாராவது ஜீப்பு விடுங்க." வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவளை அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை.

வளைவில் முருகேசன் ஜீப்பை நிறுத்தி என்ஜினை அணைத்தான். முதலில் தெரிந்தது ரோட்டில் கிடந்த ஜமீலாவின் குடை. நசுங்கியிருந்தது. அதற்கப்பால் பனிமூட்டத்தில் ஒரு கறுப்புச் சுவர். சுவர் காதை அசைத்தது.

"எறங்காதீங்க பாய். அசைஞ்சா வந்துரும்."

கையேந்தினேன். "யா அல்லாஹ், அவளைத் திருப்பிக் கொடு, நான் இனி ஐந்து நேரமும்... இந்தப் போனையும்..."

நாக்கு அங்கேயே நின்றது. அல்லாஹ்விடமும் நுழைவுப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்! இவ்வளவு போட்டால் இவ்வளவு வரும் என்று. போடுவதற்குத்தான் என்னிடம் என்ன இருந்தது? தொழாத ஓர் அஸர். கூசிப்போனேன். "ரப்பே, என்கிட்ட ஒண்ணுமில்ல. அவளைக் காப்பாத்து." அவ்வளவுதான். அழுதுகொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. யானை மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு, ரோட்டை விட்டு ஏலக்காய்த் தோட்டச் சரிவில் இறங்கிப் போயிற்று.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் ஷெட்டின் பின்னாலிருந்து இரண்டு பெண்கள் எழுந்தார்கள். கொழுந்தெடுக்கும் பாண்டியம்மா ஜமீலாவை இழுத்து, தரையோடு அமுக்கி, வாயைப் பொத்தி வைத்திருந்திருக்கிறாள்.

"டீச்சர் சத்தமா ஓத ஆரம்பிச்சுட்டாங்க பாய். சாமிக்கு மெதுவா ஓதினாலும் கேக்கும், ஆனைக்கும் எதுக்குக் கேக்கணும்னு பொத்திட்டேன்."

ஜமீலா நசுங்கிய குடையைக் கையில் எடுத்தாள். "ஏங்க, குரூப்புல சொல்லிருப்பாங்களே. நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

சிக்னல் இல்லை என்ற பொய் தயாராக இருந்தது. சொல்லவில்லை. "போன்ல ஆடிக்கிட்டிருந்தேன்" என்றேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்கு யானையே தேவலை.

சூது பகையை மூட்டும், தொழுகையை மறக்கடிக்கும் என்ற இறைவசனம் எனக்கு மனப்பாடம். ஒரே மாலையில் இரண்டும் என் வீட்டில் நடந்தன. சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிபுக்கு முன் ஓடிப்போய் அஸரைத் தொழுதேன். செயலியை அழித்தேன். அல்ஹம்துலில்லாஹ், பிறகு தொடவில்லை. ஜமீலா மூன்றாம் நாள் பேசினாள்.

சகோதரர்களே, உங்கள் கைப்பேசியிலும் ‘அறிவுப் போட்டி’ என்ற பெயரில் ஒன்று உட்கார்ந்திருக்கலாம். அதற்காக என்னிடம் வாதாட வராதீர்கள். அந்த வாதங்களை உங்களைவிட நன்றாக நான் சொல்லியிருக்கிறேன். அல்லாஹ்விடம் போங்கள். கொண்டுபோக ஒன்றும் இல்லையே என்று தயங்காதீர்கள். என் ஜமீலாவை அவன் இலவசமாகத்தான் தந்தான்.